கேளுங்கள், ஓட்டிச் சொல்கிறேன்: டீசல் சொகுசு செடான்

சென்ற இதழில் டீசல் சொகுசு செடானைப் பற்றி ஒரு வாசகர் கேட்டிருந்தார். இரண்டே வரியில் பதில் சொல்லியிருந்தேன். "இவ்வளவுதானா?" என்று கேட்டு நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன. வாங்க நினைப்பவர்கள், ஓட்டுநர் வேலையில் இருப்பவர்கள், பின் சீட்டில் உட்கார்ந்து மட்டும் போகிறவர்கள் என்று எல்லாத் தரப்பிலிருந்தும் கேள்விகள். பட்டறையில் டீசல் பம்புகளைக் கழற்றி மாட்டித் தொழில் கற்றவன் நான். பிறகு பல வருடம் பிறருடைய பெரிய வண்டிகளை நெடுந்தூரம் ஓட்டியிருக்கிறேன். இந்த வகை வண்டிமேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. அதனால் இந்த இதழின் பகுதி முழுவதையும் அதற்கே கொடுத்துவிடுகிறேன்.

இதுவரை சின்ன பெட்ரோல் கார்தான் ஓட்டியிருக்கிறேன். இப்போது ஆறு சிலிண்டர் டீசல் செடான் வாங்கப் போகிறோம். ஓட்டும்போது முதலில் எது வித்தியாசமாகத் தெரியும்?
— ஒரு கல்லூரி ஆசிரியை

உங்கள் வலது கால்தான் முதலில் கண்டுபிடிக்கும். சின்ன பெட்ரோல் காரில் ஒரு லாரியைத் தாண்ட வேண்டுமென்றால் கியரைக் குறைத்து, ஆக்ஸிலரேட்டரை ஆழமாக மிதிக்க வேண்டும். இன்ஜின் 4,000, 5,000 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) வரை கத்திய பிறகுதான் வண்டி முன்னே பாயும். பெரிய டீசலில் அந்தச் சிரமமே கிடையாது. பாதத்தின் முன்பக்கத்தை லேசாக இறக்கினால் போதும். ஆர்.பி.எம். முள் 1,500க்கும் 2,000க்கும் நடுவில் நிற்கும்போதே முதுகு சீட்டில் பதிய ஆரம்பிக்கும். சத்தம் அதிகம் ஏறாது, வேகம் மட்டும் ஏறும்.

இதற்குக் காரணம் டார்க், அதாவது இன்ஜினின் முறுக்கு விசை. அதை நியூட்டன் மீட்டரில் சொல்வார்கள். மெர்சிடிஸ் எஸ் 350 டி காரில் வந்த 2.9 லிட்டர், ஆறு சிலிண்டர் இன்ஜின் 600 நியூட்டன் மீட்டர் டார்க்கை 1,200 ஆர்.பி.எம்.மிலேயே கொடுக்கத் தொடங்கி 3,200 வரை குறையாமல் வைத்திருக்கும். பிஎம்டபிள்யூ 530டி-யில் 2017 முதல் வந்த தலைமுறை 2,000லிருந்து 2,500 வரை 620 கொடுத்தது. நாம் அன்றாடம் ஓட்டும் ஆர்.பி.எம். இதுதான் என்பதைக் கவனியுங்கள். இன்ஜினின் முழுப் பலமும் நீங்கள் புழங்குகிற இடத்திலேயே கிடைக்கிறது.

மறுபக்கமும் உண்டு. 4,000க்கு மேல் டீசலுக்கு உற்சாகம் குறைந்துவிடும். ஏறக்குறைய 5,000இல் கதை முடிந்துவிடும். முள்ளை உச்சிவரை விரட்டிப் பார்க்கிற சந்தோஷம் வேண்டுமென்றால் இது அதற்கான வண்டி இல்லை.

இன்னொன்று, நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது நீங்கள் மிதித்ததற்கும் வண்டி பதில் சொல்வதற்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி இருக்கும். டர்போ சுழன்று காற்றை அழுத்த எடுத்துக்கொள்ளும் நேரம் அது. அந்த நேரத்தில் "ஏன் நகரவில்லை?" என்று இன்னும் மிதித்தால், டர்போ வந்த கணத்தில் வண்டி துள்ளிவிடும். கொஞ்சம் முன்கூட்டி, கொஞ்சமாக மிதியுங்கள். சில வாரத்தில் காலுக்குப் பழகிவிடும்.

எச்சரிக்கையாக ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எட்டு, ஒன்பது கியர் உள்ள இந்த வண்டிகள் மணிக்கு 120 கி.மீ. வேகத்தில் போகும்போதுகூட இன்ஜின் 1,500ஐ ஒட்டித்தான் ஓடிக்கொண்டிருக்கும். காதுக்கு அது 80 போலத் தெரியும். சின்ன காரில் சத்தத்தை வைத்து வேகத்தைக் கணித்துப் பழகியிருப்பீர்கள். இதில் அந்தக் கணக்கு செல்லாது. ஸ்பீடோமீட்டரைப் பாருங்கள். ஊருக்குள் நுழையும்போது கட்டாயம் பாருங்கள்.

டீசல் என்றாலே "டக டக" என்ற சத்தமும் நடுக்கமும்தான் நினைவுக்கு வருகின்றன. சொகுசு காரில் அதை எப்படி மறைக்கிறார்கள்? உண்மையிலேயே மறைந்துவிடுகிறதா?
— ஓய்வு பெற்ற அரசு ஊழியர்

முழுக்க மறைவதில்லை ஐயா. ஆனால் நீங்கள் நினைக்கிற அளவுக்கு இப்போது இல்லை.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். பெட்ரோல் இன்ஜினில் தீப்பொறி வைத்துக் கொளுத்துகிறோம். டீசலில் ஸ்பார்க் பிளக் இல்லை. காற்றைப் பதினைந்து, பதினாறு மடங்கு அழுத்தி, அந்தச் சூட்டில் எரிபொருளைத் தெளிக்கிறோம். அது தானாகப் பற்றிக்கொள்கிறது. ருடால்ஃப் டீசல் 1897இல் ஓட்டிக் காட்டிய இன்ஜினிலிருந்து இன்றுவரை அடிப்படை இதுதான். பழைய இன்ஜின்களில் தெளித்த டீசல் ஒரு கணம் தாமதித்து, பிறகு மொத்தமாகக் குபீரென்று பற்றும். சிலிண்டருக்குள் அழுத்தம் சட்டென்று எகிறும். அந்த அடிதான் "டக" என்று கேட்கிறது.

1936இல் பெர்லின் கண்காட்சியில் வந்த மெர்சிடிஸ் 260 டி, ஆரம்பகால டீசல் பயணிகள் கார்களில் ஒன்று. 2.6 லிட்டர் இன்ஜின், ஆனால் 45 குதிரைத்திறன்தான். அதை விரும்பி வாங்கியவர்கள் டாக்ஸிக்காரர்கள். நெடுநாள் டீசல் கார் என்றால் அந்த வேலைக்கான வண்டிதான். 1974இல் ஐந்து சிலிண்டர் டீசல் கார் வந்தது. 1978இல் மெர்சிடிஸ் 300 எஸ்.டி. மூலம் டர்போ டீசல் பெரிய சொகுசு காருக்குள் நுழைந்தது. இவற்றிலெல்லாம் இழுவையும் ஆயுளும் இருந்தன, சத்தம் போகவில்லை.

அதை மாற்றியது காமன் ரெயில் என்ற தெளிப்பு முறை. 1997இல் ஆல்ஃபா ரோமியோ 156 காரில் முதலில் வந்தது. எரிபொருளைத் தெளிக்கும் எல்லா இன்ஜெக்டர்களுக்கும் பொதுவான ஒரு குழாயில் டீசலை மிக அதிக அழுத்தத்தில் தயாராக வைத்திருப்பார்கள். இப்போதைய வண்டிகளில் அது 2,000 பாருக்கும் மேல் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). அதனால் ஒரே வேலைச் சுற்றில் பல தடவையாகப் பிரித்துத் தெளிக்க முடிகிறது. முதலில் துளியூண்டு தெளித்து ஒரு சின்னத் தீயை மூட்டிவிட்டு, பிறகு பெரிய அளவைத் தெளிக்கிறார்கள். அழுத்தம் படிப்படியாக ஏறுகிறது, அடி மழுங்கிவிடுகிறது. பட்டறையில் பழைய பம்பு வண்டிகளைப் பார்த்துவிட்டு முதல் காமன் ரெயில் வண்டியை ஸ்டார்ட் செய்தபோது, பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டே பக்கத்தில் இருந்தவரோடு சாதாரணக் குரலில் பேச முடிந்தது. எங்களுக்கு அது பெரிய விஷயம்.

மிச்சச் சத்தத்தை, இன்ஜினைத் தாங்கும் திரவம் நிரப்பிய மவுண்ட், பானட்டுக்கு அடியில் கனமான விரிப்பு, இரட்டை அடுக்குக் கண்ணாடி ஆகியவற்றால் அடக்குகிறார்கள். அப்படியும் மூன்று இடத்தில் பிடிபடும். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்த முதல் நிமிடம் ஒன்று. 20, 30 கி.மீ. வேகத்தில் இலேசாக மிதித்துப் போகும்போது ஒன்று. வண்டியை விட்டு இறங்கி வெளியே நிற்கும்போது ஒன்று. உள்ளே இருப்பவரைவிட வெளியே நிற்பவருக்குத்தான் அது டீசல் என்று நன்றாகத் தெரியும்.

நடுக்கத்தைச் சோதிக்க ஒரு வழி சொல்கிறேன். இரவில் சிக்னலில் நிற்கும்போது உள் கண்ணாடியைப் பாருங்கள். பின்னால் நிற்கிற வண்டியின் ஹெட்லைட் விளிம்பு கூர்மையாகத் தெரிந்தால் நல்லது. இலேசாகக் கலங்கித் தெரிந்தால் நான்கு சிலிண்டர் வண்டியாக இருக்கும், அல்லது மவுண்ட் தேய்ந்திருக்கும். 700 ஆர்.பி.எம்.மில் நின்றோடும் நான்கு சிலிண்டர் இன்ஜினில் விநாடிக்கு இருபத்து மூன்று தடவை எரிபொருள் பற்றுகிறது. ஆறு சிலிண்டரில் அது முப்பத்தைந்து. அடி நெருக்கமாக விழ விழ, உடம்புக்குத் தனித்தனியாகத் தெரியாது. அதோடு, வரிசையாக நிற்கும் ஆறு சிலிண்டர்களின் அசைவுகள் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். சொகுசு என்ற பெயருக்கு முழு நியாயம் செய்வது ஆறு சிலிண்டர் டீசல்தான் என்பது என் முடிவு. நான்கு சிலிண்டர் நல்ல வண்டிதான், சிக்கனமும்கூட. ஆனால் நிற்கும்போது தன்னைக் காட்டிக் கொடுத்துவிடும்.

என் அம்மாவுக்கு காரில் ஏறினாலே குமட்டல். பெரிய டீசல் செடான் வாங்கினால் சரியாகிவிடும் என்கிறார் அண்ணன். உண்மையா?
— ஒரு வாசகி

பாதி உண்மை. மீதிப் பாதி உங்கள் அண்ணனின் கையிலும் காலிலும் இருக்கிறது.

குமட்டலை வரவழைப்பது குழியில் விழும் "தடால்" இல்லை. மெதுவான ஆட்டம்தான். ஐந்து விநாடிக்கு ஒரு தடவை முன்னும் பின்னும், அல்லது இடமும் வலமும் போய்வருகிற அசைவுதான் மனித உடம்பை அதிகம் கலக்குகிறது. அந்த வேகத்தில் வண்டியை ஆட்டுவது பெரும்பாலும் ரோடு இல்லை. மிதிப்பதும் விடுவதும், பிரேக்கைத் தொடுவதும், ஸ்டியரிங்கைத் திருப்புவதும்தான்.

டீசல் இங்கே உதவும். கியர் அடிக்கடி இறங்கி ஏறாமல் ஒரே இழுவையில் போகும் என்பதால் முன்னும் பின்னும் தள்ளல் குறையும். நீளமான வண்டி என்பதால் மேடு பள்ளத்தில் மூக்கு குத்துவதும் குறையும். உதவாதது எது என்று கேட்டால், மிக மென்மையாக வைத்த ஏர் சஸ்பென்ஷன் (ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பை தாங்குவது). அலை அலையாக இருக்கும் ரோட்டில் அது மிதந்து மிதந்து இறங்கும். சிலருக்கு அந்த மிதப்பே போதும், வயிறு புரட்டிவிடும். கம்ஃபர்ட் என்ற நிலையில் அம்மாவுக்குச் சிரமமாக இருந்தால், அதற்கு அடுத்த நிலையில் வைத்துப் பாருங்கள்.

பெரிய காரின் பின் சீட்டில் இன்னொரு சங்கடமும் உண்டு. முன் சீட்டுகள் உயரம், தலை வைக்கும் பகுதி அகலம். எதிரே ரோடு தெரியாது. கண் அசையாத சீட்டைப் பார்க்கிறது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு வண்டி திரும்புகிறது என்கிறது. இரண்டும் ஒத்துப்போகாதபோதுதான் குமட்டுகிறது. அம்மாவை முன் சீட்டில் உட்கார வையுங்கள். பின்னால்தான் உட்காருவேன் என்றால் நடுவில் ரோடு தெரிகிற மாதிரிச் சற்று உள்பக்கமாக உட்காரட்டும், பெல்ட் சரியாக விழ வேண்டும். ஜன்னலை மறைக்கும் திரையை விலக்கிவிடுங்கள், முன் சீட்டின் பின்புறம் உள்ள வீடியோ திரையை அணைத்துவிடுங்கள். முதுகைக் கொஞ்சம் சாய்த்து, தலை ஆடாமல் தாங்கலில் பதிந்திருக்கட்டும்.

அப்புறம், டீசல் வாடை. பங்கில் டீசல் ஊற்றும் துப்பாக்கியைப் பிடித்த கையோடு வந்து உட்கார்ந்தால் அந்த வாடை ஸ்டியரிங்கில் ஏறி நாளெல்லாம் இருக்கும். பெட்ரோல் மாதிரி சீக்கிரம் ஆவியாகாது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு ஏறச் சொல்லுங்கள்.

ஓட்டுநர் வேலை பார்க்கிறேன். புதிதாக ஒரு பெரிய டீசல் செடானைக் கொடுத்திருக்கிறார்கள். மேடம் பின்னால் உட்கார்ந்து ஃபைல் படிப்பார். எவ்வளவு மெதுவாகப் போனாலும் "தலை ஆடுகிறது" என்கிறார். வண்டியில் கோளாறா, என்னிடம் கோளாறா?
— ஓர் ஓட்டுநர்

வந்த கடிதங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், தம்பி. நீங்கள் அக்கறையோடு கேட்கிறீர்கள். நானும் விரிவாகவே சொல்கிறேன். வண்டியில் கோளாறு இருக்காது. பழைய வண்டியின் பழக்கம் காலில் மிச்சமிருக்கிறது, அவ்வளவுதான்.

முதலில் கிளம்புவது. பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் ஆக்ஸிலரேட்டருக்குப் போகாதீர்கள். ஆட்டோமேட்டிக் வண்டி தானாக நகர ஆரம்பிக்கும். சக்கரம் ஒரு சுற்று சுற்றட்டும். அதற்குப் பிறகு கால் வையுங்கள். நகரும் வண்டியை மேலும் நகர்த்துவது அவருக்குத் தெரியாது. நிற்கும் வண்டியை 600 நியூட்டன் மீட்டரால் பிடித்து இழுத்தால் கண்டிப்பாகத் தெரியும். கால் வைத்த பிறகு அதை ஒரே இடத்தில் வைத்திருங்கள். டீசலில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தி அழுத்தி விட்டால், ஒவ்வொரு தடவையும் டர்போ வந்து வந்து போகும். பின் சீட்டுக்குத் தலையாட்டல் வருவது அங்கிருந்துதான்.

அடுத்து நிற்பது. பலர் கடைசியில்தான் பிரேக்கை அழுத்துகிறார்கள். நீங்கள் தூரத்திலேயே தீர்மானமாக அழுத்தி வேகத்தைக் குறையுங்கள். பிறகு வேகம் குறையக் குறைய அழுத்தத்தையும் விடுவித்துக்கொண்டே வாருங்கள். நிற்பதற்கு முந்தைய கணத்தில், பிரேக்கில் கால் பட்டும் படாமலும் இருக்க வேண்டும். இறங்கிய மூக்கு அப்போது மெல்ல எழும்பிவிடும், வண்டி நின்றதே தெரியாது. முன்னால் போதுமான இடைவெளி விட்டு வந்தால்தான் இதைச் செய்ய முடியும்.

நின்ற பிறகு ஸ்டார்ட்-ஸ்டாப் என்ற வசதி இன்ஜினைத் தானாக அணைக்கும். டீசலில் அழுத்தம் அதிகம் என்பதால் அணையும்போதும் மீண்டும் ஸ்டார்ட் ஆகும்போதும் ஒரு சின்ன உதறல் உண்டு. இன்ஜினுக்குத் துணையாகச் சின்ன மின் மோட்டார் வைத்த புதிய 48 வோல்ட் வண்டிகளில் மிகக் குறைவு, மற்றவற்றில் நன்றாகவே தெரியும். ஊர்ந்து போகும் நெரிசலில் அந்த வசதியை அணைத்து வையுங்கள். பல வண்டிகளில் பிரேக்கை லேசாக மட்டும் பிடித்து நின்றால் இன்ஜின் அணையாது. உங்கள் வண்டி அப்படியா என்று மேடம் இல்லாதபோது சோதித்துப் பாருங்கள்.

இப்போது வேகத்தடை. பிரேக் பிடித்துக்கொண்டே ஏறினால் முன் ஸ்பிரிங் ஏற்கெனவே அமுங்கியிருக்கும், மேலும் அமுங்க இடமில்லாமல் இடிக்கும். அதனால் வேகத்தடைக்கு முன்பே பிரேக் வேலையை முடித்து, முன் சக்கரம் ஏறும் நேரத்தில் காலை எடுத்துவிடுங்கள். இதை நிறையப் பேர் செய்கிறார்கள். அவர்கள் தவறவிடுவது அடுத்த கட்டம். முன் சக்கரம் இறங்கியதும் ஓட்டுபவருக்கு வேகத்தடை முடிந்துவிட்டது. கால் தானாக ஆக்ஸிலரேட்டருக்குப் போகும். ஆனால் நீளமான செடானில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் மூன்று மீட்டருக்கும் மேல் இருக்கிறது. மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் அந்தத் தூரத்தைக் கடக்க ஒரு விநாடிக்கும் மேல் ஆகும். மேடம் உட்கார்ந்திருப்பது பின் சக்கரத்துக்குப் பக்கத்தில். நீங்கள் வேகம் எடுக்கிற அதே கணத்தில் அவருக்கு இடி விழுகிறது. பின் சக்கரமும் இறங்கியதைக் காதால் கேட்ட பிறகு மிதியுங்கள்.

ஒருநாள் வண்டியை வேறு ஒருவரை ஓட்டச் சொல்லிவிட்டு, நீங்கள் பின் சீட்டில் உட்கார்ந்து ஒரு பக்கமாவது படித்துப் பாருங்கள். நான் சொன்ன எல்லாம் உடம்புக்கே புரியும்.

ஸ்போர்ட் மோடில் ஓட்டினால் நன்றாக இருக்குமா?
— ஒரு கல்லூரி மாணவர்

இந்த வண்டியில் தேவைப்படாது. கீழ் ஆர்.பி.எம்.மில்தான் இதன் பலம். ஸ்போர்ட் மோடு கியரைக் குறைத்து முள்ளை மேலே வைத்திருக்கும், சத்தம் கூடும், கிடைக்கும் லாபம் கொஞ்சம்தான். சீக்கிரமாக ஒரு வண்டியைத் தாண்ட வேண்டிய இடத்தில் மட்டும் பயன்படுத்துங்கள்.

என் வேலை இடம் வீட்டிலிருந்து நான்கு கி.மீ. வாரக் கடைசியிலும் வெளியே போவது அரிது. நல்ல நிலையில் பழைய டீசல் சொகுசு செடான் ஒன்று கிடைக்கிறது. எடுக்கலாமா?
— ஒரு வங்கி ஊழியர்

வேண்டாம். வண்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

இந்த வண்டிகளின் சைலன்சர் பாதையில் டி.பி.எஃப். என்ற வடிகட்டி இருக்கிறது. கரும்புகையில் உள்ள கரித்தூளை அது பிடித்து வைத்துக்கொள்ளும். நிறைந்ததும் எரித்துச் சாம்பலாக்க வேண்டும். அதற்கு 600 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூடு தேவை. நெடுஞ்சாலையில் நிதானமாகப் பத்து, இருபது நிமிடம் போனால் அந்த வேலை தானாக நடந்துவிடும். நான்கு கி.மீ.யில் இன்ஜின் ஆயிலே சரியாகச் சூடாகாது. எரிக்கத் தொடங்கும்போது நீங்கள் வீட்டு வாசலில் சாவியைத் திருப்பி அணைத்துவிடுவீர்கள். மறுநாளும் அப்படியே. வடிகட்டி அடைக்கும், எச்சரிக்கை விளக்கு எரியும், இழுவை குறையும்.

விஷயம் அதோடு நிற்பதில்லை. வடிகட்டியைச் சூடாக்க இன்ஜின் கூடுதலாக டீசல் தெளிக்கிறது. பாதியில் அணைந்தால் அந்த டீசலில் கொஞ்சம் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி ஆயிலோடு கலக்கும். டிப் ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தால் ஆயில் மட்டம் குறைவதற்குப் பதிலாக ஏறியிருக்கும். அதைப் பார்த்துச் சிலர் சந்தோஷப்படுவார்கள். நீர்த்துப்போன ஆயில் டர்போவின் பேரிங்கையும் மற்ற உராயும் பாகங்களையும் தின்றுவிடும். பட்டறையில் திறந்து பார்த்த இன்ஜின்களில், நீண்ட தூரம் ஓடித் தேய்ந்தவற்றைவிட, குறைந்த தூரம் குறுக்கும் நெடுக்குமாக ஓடிக் கரி அடைத்தவைதான் எனக்கு அதிக வருத்தம் தந்தன. அவற்றின் சொந்தக்காரர்கள் மீட்டரில் கி.மீ. குறைவு என்று நம்பி வாங்கியவர்கள்.

இந்த வண்டியை ஏற்கெனவே வைத்திருக்கிறவர்கள் சில அறிகுறிகளைத் தெரிந்துகொள்ளுங்கள். நிற்கும்போது ஆர்.பி.எம். வழக்கத்தைவிடச் சற்று அதிகமாக இருக்கிறது, ஸ்டார்ட்-ஸ்டாப் வேலை செய்யவில்லை, சூடான வாடை வருகிறது, அணைத்த பிறகும் ஃபேன் சுற்றுகிறது என்றால் கரியை எரிக்கும் வேலை நடந்துகொண்டிருக்கிறது என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். அப்போது அணைக்காமல் இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வாருங்கள்.

உங்கள் தேவைக்கு மின்சார கார் சரி, ஹைப்ரிட் சரி, பெட்ரோலும் சரி. டீசல் செடான் நீண்ட ரோடு இருக்கிறவர்களுக்கான வண்டி.

மலையில் இறங்கும்போது எங்கள் டீசல் செடான் பிடிமானம் இல்லாமல் ஓடுவது போலத் தோன்றுகிறது. பிரேக்கை மிதித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.
— ஒரு வியாபாரி

ஆட்டோமேட்டிக் கியர் சிக்கனத்துக்காக உயர்ந்த கியரிலேயே இருக்கப் பார்க்கிறது. சில வண்டிகளில் காலை எடுத்ததும் இன்ஜினைச் சக்கரத்திலிருந்து விடுவித்து உருளவும் விடும். அதோடு, பெட்ரோல் இன்ஜினில் காற்று நுழையும் வழியை மூடி இழுத்துப் பிடிக்கும் வேலை டீசலில் அந்த அளவுக்கு நடப்பதில்லை. ஏறக்குறைய இரண்டு டன் எடை பின்னாலிருந்து தள்ளும்.

இறக்கம் தொடங்கும் முன்பே ஸ்டியரிங்குக்குப் பின்னால் உள்ள பட்டையால் மூன்றாவது, தேவைப்பட்டால் இரண்டாவது கியருக்கு வந்துவிடுங்கள். முள் 3,000 பக்கம் ஏறும், சத்தம் வரும், பயப்பட வேண்டாம். பிரேக்கை அழுத்தமாகப் பிடித்து, விட்டு, மறுபடி பிடியுங்கள். தொடர்ந்து மிதித்தபடி இறங்கினால் டிஸ்க் சூடேறிப் பிரேக் பலவீனமாகிவிடும்.

இவ்வளவு அமைதியும் இழுவையும் மின்சாரக் காரில் இன்னும் அதிகமாகவே கிடைக்கிறதே. டீசலை ஏன் இன்னும் புகழ வேண்டும்?
— ஒரு பொறியாளர்

நியாயமான கேள்வி. நகரத்துக்குள் மின்சாரக் காருக்கு நிகர் இல்லை, நானும் ஒப்புக்கொள்கிறேன். காத்திருக்கும் இடைவெளி இல்லை, நடுக்கம் இல்லை, புகை இல்லை. டீசல் புகையில் வரும் நைட்ரஜன் ஆக்சைடு நுரையீரலுக்குக் கெடுதல். அதை அடக்கத்தான் 32.5 சதவீத யூரியா கலந்த ஆட்ப்ளூவைத் தனி டாங்கில் ஊற்றுகிறோம். 2015இல் வெளியான ஃபோக்ஸ்வேகன் முறைகேட்டில், சோதனையில் ஒரு மாதிரியும் ரோட்டில் ஒரு மாதிரியும் புகை விட்ட வண்டிகள் விற்கப்பட்டது தெரியவந்தது. டீசலை நேசித்தவர்களுக்கு அது பெரிய வலி. 400 குதிரைத்திறனும் 760 நியூட்டன் மீட்டரும் கொடுத்த, நான்கு டர்போ வைத்த பிஎம்டபிள்யூ 750டி 2020இல் நிறுத்தப்பட்டது. இந்த வகை சுருங்கிக்கொண்டேதான் வருகிறது.

ஆனாலும் ஒரு நாள் முழுவதும் ஓட்ட வேண்டிய பயணத்தில் என் மனம் இன்னும் டீசலைத்தான் கேட்கிறது. ஒரு லிட்டர் டீசலில் பெட்ரோலைவிடப் பத்து சதவீதத்துக்கும் மேல் ஆற்றல் அதிகம், அதை எரிக்கும் விதத்திலும் வீணாவது குறைவு. நிதானமாக ஓட்டினால் இவ்வளவு பெரிய வண்டி 100 கி.மீ.க்கு 6 லிட்டர் மட்டும் குடிக்கும். 65 லிட்டர் டாங்க் என்றால் 1,000 கி.மீ. தாண்டிவிடும். எரிபொருள் எங்கே, எவ்வளவு மிச்சம் என்ற யோசனையே இல்லாமல் போகலாம். நான்கு பேரும் பெட்டிகளும் ஏறினாலும், மேடு வந்தாலும், இன்ஜினின் குரல் மாறாது. மாலையில் இறங்கும்போது ஓட்டியவருக்கு முதுகும் காதும் களைத்திருக்காது. இந்தச் சுகத்தை நான் உடம்பால் அறிந்தவன். அதனால்தான் புகழ்கிறேன்.

பழைய டீசல் செடானைச் சோதித்து ஓட்டும்போது என்னென்ன கவனிக்க வேண்டும்?
— பலரும் கேட்டது

போகும் முன் "நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்" என்று விற்பவரிடம் சொல்லிவிடுங்கள். பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். டீசலின் குறைகள் குளிர்ந்த இன்ஜினில்தான் வெளியே வரும்.

ஸ்டார்ட் செய்ததும் முதல் அரை நிமிடம் யாரோடும் பேசாமல் கேளுங்கள். கொஞ்சம் கரகரப்பு இருக்கும், அது சகஜம். தையல் மெஷின் ஓடுவது போல அடி சீராக இருக்க வேண்டும். நடுவில் ஒரு அடி தவறினாலோ, ஒன்று மட்டும் உரக்க விழுந்தாலோ இன்ஜெக்டரைச் சந்தேகியுங்கள். முன்பக்கத்தில் உலோகச் சங்கிலி உரசும் சத்தம் கேட்டு, சூடான பிறகும் அது போகவில்லை என்றால் இன்ஜினின் வால்வுகளை இயக்கும் டைமிங் செயினைப் பார்க்க வேண்டும். சில டீசல்களில் செயின் இன்ஜினின் பின்பக்கம் இருக்கும். கியர்பாக்ஸை இறக்காமல் கை வைக்க முடியாது, செலவு பெரியது.

ரோட்டில் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில், உயர்ந்த கியரிலேயே மெதுவாக அழுத்துங்கள். 1,500க்கு மேல் இழுவை வழுக்கிக்கொண்டு வர வேண்டும். விசில் சத்தம் மட்டும் ஏறி, இழுவை ஏறவில்லை என்றால் டர்போ குழாயில் எங்கோ காற்று கசிகிறது. பின் கண்ணாடியில் புகையைப் பாருங்கள். தொடர்ந்து கறுப்பாக வந்தால் டி.பி.எஃப்.பையே எடுத்திருக்கலாம். அப்படிப்பட்ட வண்டியை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். பல நாடுகளில் அது சட்டப்படி குற்றம், நம் பின்னால் வருகிறவர் மூச்சுக்கும் அது கேடு.

ஏர் சஸ்பென்ஷன் இருந்தால், இரவு முழுக்க நின்ற வண்டியின் நான்கு மூலைகளையும் டயருக்கு மேலே விரல் வைத்து அளந்து பாருங்கள். ஒரு மூலை தாழ்ந்திருந்தால் காற்றுப் பை கசிகிறது.

கடைசியாக, சாவியை உடன் வந்தவரிடம் கொடுத்துவிட்டுப் பின் சீட்டுக்குப் போங்கள். மோசமான ரோடாகப் பார்த்து ஓட்டச் சொல்லுங்கள். வாங்குகிறவர்கள் எல்லோரும் முன்னால் உட்கார்ந்தே சோதிக்கிறார்கள். பின் ஷாக் அப்சார்பரின் தேய்மானமும் கதவு ரப்பர் வழியாக நுழையும் காற்றுச் சத்தமும் அங்கே உட்கார்ந்தால்தான் தெரியும்.

அவசரத்தில் டீசல் காரில் பெட்ரோல் ஊற்றிவிட்டால்?
— ஒரு மருத்துவர்

ஸ்டார்ட் செய்யாதீர்கள். இக்னிஷனைக்கூடத் திருப்பாதீர்கள். பல வண்டிகளில் அப்போதே டாங்கில் உள்ள பம்பு ஓட ஆரம்பித்துவிடும். காமன் ரெயில் பம்புக்கு டீசலே மசகு. பெட்ரோலில் அந்த வழவழப்பு இல்லை. பம்பு உராய்ந்து உதிரும் உலோகத் துகள் இன்ஜெக்டர்வரை போய்விடும். வண்டியை நியூட்ரலில் தள்ளி ஓரங்கட்டி, பட்டறைக்கு இழுத்துச் சென்று டாங்கைக் காலி செய்யச் சொல்லுங்கள். ஓடாமல் வந்தால் பெரும்பாலும் டாங்க் கழுவுகிற வேலையோடு முடியும். ஓட்டிக்கொண்டு வந்தால் பம்பு, இன்ஜெக்டர், குழாய் என்று மொத்தமும் மாற்ற வேண்டி வரலாம்.